அணிலுக்கு நீலம் அடித்தவர்

திருவண்ணாமலை ஜில்லாவில் அணிலோடு நேருக்கு நேர் நின்று வாய்ச்சண்டை போட்டு, அதில் தோற்றும் போன ஒரே மனிதர் சிக்னல்தான். பங்காளிகளுக்குள் பேச்சு முறிந்தால்கூட ஒரு சாவோ கல்யாணமோ வந்து சேர்த்து வைத்துவிடும். சிக்னலுக்கும் அணிலுக்கும் அப்படி ஒரு நல்லது கெட்டது கடைசிவரை வரவில்லை.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. எங்கள் தெருவுக்கும் பக்கத்து இரண்டு தெருக்களுக்கும் இன்டர்நெட் கொடுத்தவர் சிக்னல். அந்த மூன்று தெருதான் அவருக்குச் சோறு. கம்பத்தில் சாத்திய ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, "சிக்னல் வந்துச்சா?" என்று கத்துவார். வீட்டுக்குள்ளிருந்து, "வரல" என்று யாராவது கத்துவார்கள். பொழுதன்றைக்கும் இந்தக் கச்சேரி நடந்ததில் அவருடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துபோனோம். ரேஷன் கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றிருந்ததாகக் கேள்வி.

நெட் போவதற்கு ஒரே காரணம்தான். புங்கமரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் போகும் ஒயரை அணில் கடித்துவிடும். தின்பதற்கு அல்ல, பல்லுக்கு வேலை வேண்டும் என்பதற்காக. சிக்னல் ஏணியோடு வந்து, மேலே ஏறி, அறுந்த முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கிளையைப் பார்த்துப் பேசுவார்.

"இன்னாடா, நேத்துதான ஜாயிண்ட் போட்டேன்? உனக்கு வேற தெருவே கிடைக்கலியா?"

அணில் வாலை வெட்டி வெட்டி, கீச்கீச்சென்று ஒரு மூச்சு பதில் சொல்லும். சிக்னல் அது முடிகிற வரை காத்திருந்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்பார். பேச்சில் ஒருநாளும் அவர் கை ஓங்கியதில்லை.

எங்கள் தெருக்காரர்கள் அணில் விஷயத்தில் ஒரு நிலையில் நிற்பவர்கள் அல்ல. எதிர்வீட்டு டீச்சரம்மா ரிட்டயர் ஆனவர். காலையில் குளித்துவிட்டு மதில்மேல் ஒரு பிடி சோறு வைத்து, "வாங்கடா கண்ணுங்களா" என்பார். மத்தியானம் மெத்தையைப் பிய்த்துப் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, "நாசமாப் போவ" என்பார். மறுநாள் மறுபடி சோறு. என் மனைவி மட்டும் என்ன? சாமி அலமாரியிலிருந்த விளக்குத்திரியை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்ச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் கூடு கட்டிவிட்டது என்று துடைப்பத்தோடு போனவள், உள்ளே கண் திறக்காத குட்டிகளைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். அந்தக் கோடை முழுக்க ஃபேன் போடக்கூடாது என்று உத்தரவு. தாளிக்கிற வாசனையில் நான் இருமிக்கொண்டே சாப்பிட்டேன்.

மூலை வீட்டில் இருப்பவர் கலெக்டர் ஆபீஸ் சூப்பிரண்டு. அவருடைய கொய்யா மரத்தில் அணில் எந்தப் பழத்தையும் முழுதாகத் தின்னாது. ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஆபீசில் அவர் ஃபைல் பார்ப்பதும் ஏறக்குறைய அதே முறைதான் என்றாலும் அவருக்கு ஆத்திரம் வந்தது. நாலுபேர் முன்னால், "பாவம், வாயில்லா ஜீவன், ராமர் தடவிக் கொடுத்த முதுகு" என்பார். சிக்னல் தனியாக மாட்டினால் குரலைத் தாழ்த்தி, "யோவ், யாருக்கும் தெரியாம எதனா பண்ணுய்யா" என்பார்.

சிக்னல் பண்ணினார். முதலில் மிளகாய்ப் பொடியை விளக்கெண்ணெயில் குழைத்து ஒயர் நெடுகப் பூசினார். அணிலுக்குக் காரம் பிடித்துவிட்டதோ என்னவோ, வழக்கம்போலக் கடித்துவிட்டது. ஜாயிண்ட் போட ஏறியவர் பழக்கதோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் இறங்கிய வேகத்தில் அவருக்குப் பின்னால் ஏணியும் இறங்கியது. டீச்சரம்மா ஓடிவந்து அவர் முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே திட்டினார்.

"இப்பத் தெரியுதா தம்பி, அந்த ஜீவனுக்கு எப்படி எரிஞ்சிருக்கும்னு? ராமருக்கே பாலம் கட்டிக் குடுத்ததுப்பா அது."

"கட்டுச்சும்மா, நான் இல்லன்னு சொல்லல," என்றார் சிக்னல், கண்ணைத் திறக்க முடியாமல். "அங்க ஒயரு இருந்திருந்தா ராமரு தடவிக் குடுத்திருப்பாரா, தட்டியிருப்பாரா? அத மட்டும் சொல்லுங்க."

அடுத்தது எலிக்கூண்டு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வைத்தால் மாட்டாத அணில் எங்கள் ஊர்ப்பக்கம் கிடையாது. பிடித்த அணிலைக் கொல்ல அவருக்கும் கை வரவில்லை. இவ்வளவு திட்டுகிற மனிதர் கூண்டுக்குள் தண்ணீர் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மொபெட்டில் கட்டி, மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலை தாண்டி ஒரு புளியமரத்தடியில் விட்டுவிட்டு வருவார். சில நாளில் இங்கே ஒயர் அறுந்திருக்கும். "அதே பய திரும்பி வந்துட்டான் சார்" என்பார். அணிலுக்கு அணில் என்ன வித்தியாசம், வேறு ஏதாவது வந்திருக்கும் என்று எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்துப் பிடித்த அணிலின் வாலில், கடை ஷட்டருக்கு அடித்து மிச்சமிருந்த நீலப் பெயிண்டைத் தடவினார். திரும்பி வந்தால் ஊருக்கே அடையாளம் தெரியுமல்லவா.

எல்லாம் சரியாக யோசித்தவர் நாள் பார்க்கவில்லை. அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். கூண்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார். உள்ளே ஏதோ சாமி இருக்கிறது, மனுஷர் வேண்டுதல் சுமக்கிறார் என்று நினைத்து ஒரு பெங்களூர்க் குடும்பம் கூண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஒரு அம்மாள் துண்டின்மேல் மல்லிகைப்பூ வைத்தாள். புளியமரத்தடியில் அணிலை விட்டுவிட்டு வந்தவழியே திரும்பலாம் என்றால், அவ்வளவு ஜனத்தை எதிர்த்து எங்கே நடப்பது? கோயில் பக்கமே ஒதுங்காத சிக்னல், செருப்பும் அறுந்து, மலையை முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வீடு வந்து சேர்ந்தார்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில், டீச்சரம்மா வைத்த சோற்றை நீல வாலோடு ஒரு அணில் தின்றுகொண்டிருந்தது.

சிக்னலுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை அவர் கல்யாணத்தில்கூட அனுபவித்திருக்க மாட்டார். ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிக் கூட்டிவந்து காட்டினார்.

"பாத்துக்கோங்க. நான் சொன்னப்ப சிரிச்சீங்களே. பௌர்ணமியன்னிக்கு இந்தக் கையால கொண்டுபோயி மலைக்கு அந்தாண்ட விட்டேன். சுத்திக்கினு வந்து நிக்குது பாருங்க."

டீச்சரம்மா செருப்பைக் கழற்றினார். கைகூப்பினார்.

"பௌர்ணமியன்னிக்குப் போயி, மலைய வலம் வந்து, வீடு திரும்பியிருக்கு. எந்தப் பிறவியில யாரா இருந்த புண்ணியாத்மாவோ."

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது இன்னான்னா," என்றார் சிக்னல். அதற்குள் சூப்பிரண்டு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விழுந்து கும்பிட்டுவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பெயிண்ட் டப்பாவைச் சிக்னல் மூடாமல் மொட்டை மாடியில் விட்டிருந்தார். எந்த அணில் அதில் வாலை விட்டதோ யார் கண்டது? மலையைச் சுற்றி அவ்வளவு தூரம் வர அதற்கென்ன தலையெழுத்து? ஆனால் இதைக் கேட்க அங்கே ஆளில்லை. தெருவுக்கு அற்புதம் வேண்டியிருந்தது, சிக்னலுக்குத் தான் சொன்னது நிஜம் என்று ஆக வேண்டியிருந்தது. இரண்டு கட்சிக்கும் அதே அணில்தான் தேவைப்பட்டது. பௌர்ணமியன்று, மலைக்கு அந்தப்புறம், தன் கையாலேயே விட்டதாகச் சாட்சி சொன்னவரும் அவரே. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான்.

அதன்பிறகு எலிக்கூண்டை வெளியே எடுக்க முடியவில்லை. மதில்மேல் சோறு போய்ப் பாலும் பழமும் பொரிகடலையும் வந்தன. கிரிவலம் வந்தவர்களில் சிலர் ஆட்டோ பிடித்து எங்கள் தெருவுக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு அணில் சாப்பிட்ட இடத்தில் ஒரு கும்பலே குடியேறியது. சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம் என்றானதும் பல்லுக்கு இன்னும் ஜாஸ்தி வேலை தேவைப்பட்டது. ஒயர் தினமும் அறுந்தது. சிக்னல் இரும்புக் குழாயில் ஒயரை விட்டுப் பார்த்தார். குழாய் முடிகிற இடத்தில் கடித்தது. மரத்துக் கிளையை மட்டுமாவது வெட்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். புண்ணியாத்மா உட்காருகிற கிளை என்று டீச்சரம்மா மறுத்துவிட்டார்.

"அது கடிச்சாக் கடிக்கட்டும் தம்பி. நீங்க ஒயர மாத்திக்குங்க."

ஒயரை மாற்றி மாற்றி மனிதர் ஓய்ந்துபோனார். இதில் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. அணில் கடித்தால் லீலை, நெட் போனால் சிக்னலின் சோம்பேறித்தனம். ஒரே சம்பவம்தான். அதில் புண்ணியத்தை அணில் கணக்கிலும் திட்டை இவர் கணக்கிலும் எழுதினார்கள். பெங்களூரில் இருக்கும் மகளோடு சூப்பிரண்டு வீடியோவில் பேசும்போது பேத்தியின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. அவர் தெருவில் வந்து நின்று கத்தினார்.

"இன்னாய்யா சர்வீஸ் பண்ற நீ? வாங்குற காசு செரிக்குமா உனக்கு?"

"சார், நீங்க கும்புடற ஆளுதான் சார் கடிச்சிருக்காரு," என்றார் சிக்னல் ஏணியிலிருந்து.

"திமிரப் பாரு," என்றார் சூப்பிரண்டு.

அந்த வாரமே ஒரு பெரிய கம்பெனியின் வேன் வந்து அவர் வீட்டு வாசலில் நின்றது. ஒரேமாதிரி பனியன் போட்ட பையன்கள் இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார், அவருக்கும் போட்டார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல வீடு வீடாக மாறியது. சிக்னல் தன் பெட்டிகளை ஒவ்வொரு வீடாகக் கழற்றி ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டு போனார். எல்லோரும் அவரிடம் அன்றைக்கு மட்டும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். டீச்சரம்மா காபி கொடுத்தார்.

"மனசுல ஒன்னும் வச்சுக்காதீங்க தம்பி. வாயில்லா ஜீவன நாம என்ன கேக்க முடியும், சொல்லுங்க."

சிக்னல் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு வாய் இருக்குதுங்கம்மா. அதான் தப்பாப்போச்சு," என்றார்.

நான் கடைசிவரை அவரோடு இருந்தேன் என்று பெருமையடிக்க விரும்பவில்லை. ஒரே ஒரு வீட்டுக்காக மூன்று தெருவுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருக்க முடியாது என்று அவரே வந்து என் பெட்டியையும் கழற்றிக்கொண்டார்.

கம்பெனி ஒயரையும் அணில் கடித்தது. அதற்கு யார் முதலாளி என்று பார்த்துக் கடிக்கத் தெரியாது. இப்போது நெட் போனால் போனில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறார்கள். எத்தனை அழுத்தினாலும் ஏணி வருவதில்லை. "சிக்னல் இருந்தா இந்நேரத்துக்கு வந்து நின்னிருப்பாரு" என்று சூப்பிரண்டு பெருமூச்சு விடுகிறார். இதைக் கேட்கும்போதெல்லாம் அவர் மரத்துக் கொய்யா இன்னும் கொஞ்சம் கடிபடட்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தேன். சிக்னல் அங்கே மச்சானுடைய மல்லாட்டை மண்டியில் இருக்கிறார் என்று சொன்னார்கள். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் டீ வரவழைத்தார். பின்பக்க மதிலில் ஒரு பிடி மல்லாட்டை தனியாக வைத்திருந்தது. கூரையில் இரண்டு அணில்கள் காத்திருந்தன.

"இன்னாண்ணே இது?" என்றேன்.

"லஞ்சம் சார். இங்க மொத நாளே குடுத்துட்டேன். மூட்டையத் தொட மாட்டானுங்க." டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நீல வால்காரன் எப்படி இருக்கான்?"

பெயிண்ட் எப்போதோ உதிர்ந்துவிட்டது. எது நீலம், எது வேறு என்று இப்போது யாருக்கும் தெரியாது. எதையாவது ஒன்றைக் கும்பிட்டுக்கொள்கிறார்கள்.

"நல்லா இருக்கான்," என்றேன். "உங்களைத்தான் தேடறான்."

"ஒயர் கிடைக்கலல்ல, தேடுவான்." சிரித்தார். பிறகு, "நம்ம தெருவுல வேற எவனும் என்னைக் கேக்கலியா?" என்றார்.

சூப்பிரண்டு கேட்டதாகச் சொன்னேன். நம்பாமல் தலையாட்டினார். "உங்க வீட்டாண்ட என் பழைய லைன் ஒன்னு தொங்கும் சார். உபயோகமில்ல. அறுத்துப் போட்டுருங்க," என்றார்.

அது தொங்குகிறது. என் வீட்டு கேட்டுக்கும் புங்கமரத்துக்கும் நடுவில், அணில்கள் அதன்மேல்தான் போக வரப் பாதை வைத்திருக்கின்றன. அந்த ஒயரை மட்டும் இன்றுவரை ஒரு கடிகூடக் கடிக்கவில்லை. அன்றைக்குக் கடிக்காமல் இருந்திருந்தால் ஒரு குடும்பம் இந்த ஊரில் இருந்திருக்கும். போன வாரம் கம்பெனிப் பையன்கள் அதை வெட்ட ஏறியபோது, "விடுங்கப்பா, அணில் போற வழி" என்று தடுத்துவிட்டேன். எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த டீச்சரம்மா என்னை நோக்கிக் கைகூப்பினார். அணிலுக்காகத்தான் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.