மாளிகை அணிக்குப் பத்தொன்பது பேர்

இரவல் பரம்பரைக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் மாடிக்கு மாடி ஒருவர் இருப்பார். சொந்தப் பரம்பரையைப் பற்றிக் கேட்டால் கொட்டாவி விடுவார். ஊர் பேர் தெரியாத ஒருவருடைய பரம்பரையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்: எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, முந்நூறு வருடத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, கடைசியில் 'எங்கட' என்று ஒரு முத்திரையும் குத்திவிட்டுத்தான் உட்காருவார்.

ஒஸ்லோவில், ட்வெய்ட்டா அடுக்குமாடியில், பதினோராம் மாடியில் இருக்கும் அல்பேர்ட் இந்த இனத்தில் முதல் தரம். பிறந்தது இலங்கையில், தீவுப்பக்க நாரந்தனையில். செய்வது பஸ் சாரதி வேலை. பெற்ற பேறு, எட்டு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தில் மனைவியின் தமையன் வீட்டுக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து என்ன செய்வதென்று தெரியாமல், மைத்துனர் அவரை ஹெஸ்லம் ஹால் என்ற பழைய எஸ்டேட்டைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரச் சுற்றுலா. மான் கொம்புகள் மாட்டிய மண்டபம், குதிரை லாயம், வேட்டைத் துப்பாக்கி அறை, தலைமுறை தலைமுறையாக கிரிக்கெட் ஆடிய புல்வெளி, நாலு மணித் தேநீர். போனவர் அல்பேர்ட். திரும்பி வந்தவர் பிரபு.

வாசலில் அவருடைய சட்டையில் ஒட்டிவிட்ட 'பார்வையாளர்' என்ற வட்டக் கடதாசியைக் கிழிக்காமல் கழற்றி, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஓர் எண்ணெய் ஓவியம். தாடி வைத்த நோர்வேக் கப்பல்காரர் ஒருவர், யாருடைய பாட்டனாரோ பாவம், கடலைப் பார்த்து முறைத்துக்கொண்டிருப்பார். வந்தவர்கள் "இது ஆர் அண்ணை?" என்று கேட்டால் அல்பேர்ட் கண்ணை மூடித் திறந்து, "குடும்பம்" என்பார்.

ஆடி மாத வெயிலிலும் கம்பளிக் கோட்டு. நடக்க ஒரு கைத்தடி, கால் நன்றாக இருந்தபோதும். பல்கனியில் வந்து உட்காரும் காகத்தைக்கூட ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இன்னும் வேட்டைக் காலம் தொடங்கேல்லை, போ" என்று உயிர்ப்பிச்சை கொடுத்து அனுப்புவார். நாலு மணிக்குத் தேநீர் வேண்டும். நாலு மணிக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தால், கடைசித் தரிப்பில் நிறுத்தி, சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, சுண்டு விரலை நீட்டிக் குடிப்பார். வசந்தத்தில் குடியிருப்பவர் எல்லாரும் கூடி வளவு துப்பரவாக்குகிற டூக்நாட் நாளிலோ, அவர் குப்பைவாரியைத் தொட்டதே இல்லை. கைத்தடியை நீட்டி மூலைகளைக் காட்டுவார். எஸ்டேட்டில் பிரபு அப்படித்தானாம்.

பிரபுப் பட்டத்தை இருநூறு வருடத்துக்கு முன்னமே சட்டம் போட்டு ஒழித்த நாட்டில் அவர் இதையெல்லாம் செய்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"எங்கட எஸ்டேட்டில..." என்று அவர் முதன்முதலாகத் தொடங்கியபோது, ஏழாம் மாடி மகேசன் மரியாதையாகத்தான் கேட்டார்.

"எந்த எஸ்டேட் அண்ணை? தேயிலையோ, றப்பரோ?"

அதற்குப் பிறகு ஆறு மாதம் அல்பேர்ட் மகேசனோடு கதைக்கவில்லை.

இந்த மனிதருடைய எட்டு வருட ஆசை ஒன்றே ஒன்று. ஹெஸ்லம் ஹாலில் ஆண்டுதோறும் ஒரு கிரிக்கெட் போட்டி நடக்கும். மாளிகைக்கும் ஊருக்கும். சுற்றுலா வழிகாட்டி சொன்னபடி, மாளிகை அணியில் பிரபுவும் விருந்தாளிகளும். ஊர் அணியில் கொல்லன், குதிரைக்காரன், தோட்டக்காரன், குசினிக்காரன். பிரபுவை முதற்பந்தில் அவுட்டாக்கக் கூடாது. முடிவில் எல்லாருக்கும் தேநீர் உண்டு, மாளிகைக்கு நாற்காலியில், ஊருக்குப் புல்லில். அந்தப் போட்டியை ட்வெய்ட்டாவில் நடத்தி, மாளிகை அணித் தலைவராக மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தான் ஒரு தரம் நடந்து வரவேண்டும். வேறெதுவும் அவர் கர்த்தரிடம் கேட்கவில்லை.

இந்த வருடம் துணிந்து எஸ்டேட்டுக்கே கடிதம் எழுதிவிட்டார். 'நமது போட்டியின் நோர்வேக் கிளை' என்று. பதில் வந்தது! அங்கே பழைய படங்களையும் பத்திரங்களையும் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் பென்ரோஸ் என்ற அம்மா, மே மாதம் ஒரு மாநாட்டுக்கு ஒஸ்லோ வருகிறாராம். சனிக்கிழமை நேரில் வந்து போட்டியைப் பார்ப்பாராம். அல்பேர்ட் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். பிறகு உட்கார்ந்தார். அந்தச் சனிக்கிழமை டூக்நாட் நாள் என்பதால், வேலை முடிந்ததும் இரண்டு மணி தொடக்கம் புல்வெளியைத் தருவதாகக் குடியிருப்பு நிர்வாகமும் சம்மதித்தது. எல்லாம் சரி. இனி ஆட்கள்தான்.

குடியிருப்புத் தமிழரின் வட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டார். மாளிகை, ஊர் என்று இரண்டு பக்கம். விரும்பிய பக்கத்தில் பெயர் எழுதலாம்.

இரண்டு நாளில் மாளிகைக்கு அல்பேர்ட்டோடு பத்தொன்பது பேர். ஊருக்கு ஒருவரும் இல்லை.

அல்பேர்ட் மாடி மாடியாக ஏறி இறங்கினார். மகேசன் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு, "அண்ணை, எங்கட அப்பப்பா விதானையார், ஊருக்கே தலைவர். நான் போய்க் குதிரைக்காரனுக்கு விளையாடினால் சனம் என்ன கதைக்கும்?" என்றார். விடுமுறைக்கு ஸ்தவாங்கரிலிருந்து வந்திருந்த பொறியியலாளர் யூலியன், "எனக்குக் கீழ பதினாறு பேர் வேலை செய்யினம்" என்று மட்டும் சொன்னார். ஐந்தாம் மாடி ஜோர்ஜ் இலங்கையில் தன் வளவில் இரண்டு கிணறு இருந்ததை நினைவுபடுத்தினார். இரண்டும் நல்ல தண்ணீராம்.

கடைசியில் நாகர்கோவில் மார்க்கஸ் அகப்பட்டான். கணினி வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, நல்ல பிள்ளை. "எந்த டீம்னாலும் ஓகே சார், எனக்கு பேட்டிங் கிடைச்சா போதும்" என்றான். அல்பேர்ட்டுக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஊர் அணி என்றால் யார் யார் என்று விளக்கினார். விளக்கியிருக்கக் கூடாது. மார்க்கஸின் முகம் மாறியது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க தாத்தாவே எஸ்டேட் ஓனர். ரப்பர்."

இப்படியாக இருபது. அல்பேர்ட் வீட்டுக்கு வந்து கப்பல்காரரின் ஓவியத்துக்குக் கீழே தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அங்கே இங்கிலாந்திலிருந்து ஒரு மனுசி வருகிறார். இங்கே இருபது பிரபுக்கள், பந்து பொறுக்க ஒரு குடியானவன் இல்லை. போட்டி நடக்காவிட்டால் எட்டு வருடம் அவர் சொன்னதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்று ட்வெய்ட்டா முழுக்கச் சிரிக்கும். அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்த மனைவி புளோறன்ஸ், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே ஒரு யோசனை சொன்னார்.

"நீங்கள் ஊருக்கு விளையாடுங்கோவன்."

"நானோ?"

"ஓம். நீங்கள் போனால் மற்றவையும் வருவினம்."

"புளோறன்ஸ், எங்கட எஸ்டேட்டில..."

"உங்கட எஸ்டேட்டில சோறு அடுப்பில இருக்கு. போட்டுச் சாப்பிடுங்கோ."

மகள் ஷரோன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாமலே, "பாப்பா, இது சரியான ஃப்லௌட்" என்றாள். மானக்கேடு என்பதை நோர்வேப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.

சனிக்கிழமை வந்தது. காலை பத்து மணியிலிருந்து புளோறன்ஸ், ஷரோன், ஏழாம் மாடி யோகாம்பாள், மூன்றாம் மாடி நோர்வேக்காரக் கிழவி பியோர்க், வளவு பராமரிப்பாளர், இன்னும் ஐந்து பேருமாகப் பத்துப் பேர் புல்வெளியைக் கூட்டி வாரினார்கள். இருபது பிரபுக்களும் சரியாக இரண்டு மணிக்கு வெள்ளைக் காற்சட்டையில் இறங்கினார்கள். அல்பேர்ட் புல்வெளிக்கு நடுவே வெள்ளைக் கயிறு ஒன்று இழுத்துக் கட்டியிருந்தார். இந்தப் பக்கம் மாளிகை, நாற்காலியோடு. அந்தப் பக்கம் ஊர், புல்லோடு. நாற்காலிப் பக்கத்தில் நிற்க இடமில்லை. புல்லில் ஒரு மைனாகூட இல்லை.

மிஸஸ் பென்ரோஸ் நிலக்கீழ் ரயிலில் வந்து, மழைக்கோட்டோடு நடந்து வந்தார். கட்டையான, கலகலப்பான மனுசி. அல்பேர்ட் குனிந்து கை கொடுத்தார். அந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் மாளிகை அணி எது என்று கேட்டார். ஷரோன் தமிழில் சொல்லி முடிக்குமுன் இருபது கைகள் உயர்ந்தன.

"ஓ!" என்று மிஸஸ் பென்ரோஸ் முகமெல்லாம் மலர்ந்தார். "நீங்கள் எல்லாரும் சமையற்கட்டா?"

கைகள் உயர்ந்தபடியே நின்றன.

பிறகு அவர் விளக்கினார். ஷரோன் ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள், கொஞ்சம் மகிழ்ச்சியோடுதான் சொன்னாள் என்று எனக்குத் தோன்றுகிறது. சுற்றுலாவில் சொல்வது பழைய கதையாம். மாளிகையைப் பிரபு குடும்பம் விற்று முப்பது வருடமாகிறது. இப்போது அது ஹோட்டல். மாளிகை அணி என்றால் அங்கே வேலை செய்கிறவர்கள்: சமையற்காரர், அறை துப்பரவாக்குகிறவர், துணி வெளுக்கிறவர். பிரபுவோ ஊருக்குள் தபால் கந்தோருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். அதனால் அவர் விளையாடுவது ஊர் அணிக்கு.

முதலில் மகேசன் சப்பாத்து நாடாவைக் கட்டுகிறவர்போலக் குனிந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்தார். யூலியன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டே தாண்டினார். ஜோர்ஜ் தன் இரண்டு கிணற்றோடும் தாண்டினார். மார்க்கஸ், "நான் மொதல்லயே சொன்னேனே சார், எந்த டீம்னாலும் ஓகேன்னு" என்று சொல்லிவிட்டு ஒரே எட்டில் தாண்டினான். ஐந்து நிமிடத்தில் ஊருக்குப் பத்தொன்பது பேர். நாற்காலிப் பக்கத்தில் அல்பேர்ட் தனியே நின்றார், கக்கத்தில் மட்டையோடு.

மறுபடியும் போட்டி இல்லை. அந்த மனுசனுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் புளோறன்ஸ் தும்புத்தடியைத் தோளில் வைத்தபடி வந்தார். பின்னால் ஒன்பது பேர்.

"மாளிகை எண்டால் கூட்டிறது, துடைக்கிறது, சமைக்கிறதுதானே? அப்ப நாங்கள்தான் மாளிகை. நான் கப்டன். எங்களுக்கு ஒரு ஆள் குறையுது."

"நான் இருக்கிறன்!" என்றார் அல்பேர்ட்.

"எங்கட ஆக்கள் எல்லாரும் காலமை தொடக்கம் கூட்டினவை. நீங்கள் கூட்டேல்லை. அந்தா, குப்பைப் பெட்டியடி மூலை அப்பிடியே கிடக்கு."

அல்பேர்ட் மூலையைப் பார்த்தார். மிஸஸ் பென்ரோஸைப் பார்த்தார். கைத்தடியைப் பியோர்க் கிழவியிடம் கொடுத்துவிட்டுக் குப்பைவாரியை வாங்கினார். கம்பளிக் கோட்டோடு, இங்கிலாந்தும் நோர்வேயும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த சருகையும் சிகரெட் கட்டையையும் நாய்ப் பீயையும் கடைசித் துண்டு வரைக்கும் வாரினார். எட்டு வருட டூக்நாட் கடனும் ஒரே மூலையில் தீர்ந்தது. புளோறன்ஸ் போய்ப் பார்த்து, "சரி, வாங்கோ" என்றார்.

அதன் பிறகு, ஐயா, அவர் நடந்தார். பதினோராவது ஆளாக, கடைசி ஆளாக, மாளிகை அணிக்கு மட்டை பிடிக்க, கைகளில் குப்பை மணக்க. கண் கலங்கியிருந்தது. மார்க்கஸ் போட்ட முதற்பந்திலேயே விக்கெட் மூன்றும் பறந்தன. "முதற்பந்தில அவுட்டாக்கக் கூடாது!" என்று கத்தினார். அது பிரபுவுக்குத்தான், குசினிக்கு இல்லை என்று நடுவராக நின்ற மிஸஸ் பென்ரோஸ் விரலை உயர்த்திவிட்டார்.

தேநீர் நேரத்தில் அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். ஹெஸ்லம் ஹால் மாளிகை அணிக்கு இப்போது தலைவர் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்யும் ஒரு பெண்மணி, பெயர் தங்கேஸ்வரி, இலங்கையில் வேலணை என்று ஓர் இடமாம்.

அல்பேர்ட் கோப்பையைக் கீழே வைத்தார். தோல்வி முகத்திலிருந்து மறைந்துவிட்டது.

"வேலணையோ? நாரந்தனையும் அங்கைதானே, எங்கட தீவு! நான் எட்டு வருசமாய்ச் சொல்லுறன், ஒருத்தரும் நம்பேல்லை. எஸ்டேட் எங்கட!"

இப்போது வரவேற்பறையில் வட்டக் கடதாசிக்குப் பக்கத்தில் அந்தக் குப்பைவாரியும் மாட்டியிருக்கிறது. யார் கேட்டாலும், "குடும்பம்" என்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நான் முதலில் இரண்டு அணிகளையும் விளக்கியபோது எந்தப் பக்கம் நின்றீர்கள்? உங்கள் கண் நாற்காலிப் பக்கம் போனதை நான் பார்த்தேன். பிரபு தபால் கந்தோருக்குப் பின்னால் குடியிருக்கிறார் என்று சொன்னபோது உங்கள் கால் கயிற்றைத் தாண்டியதையும் பார்த்தேன். போகட்டும். குப்பைப் பெட்டியடி மூலையில் மட்டும் உங்களைக் காணவில்லை.