நீச்சல் தெரிந்த ஜாகா

இப்போதெல்லாம் எவனும் ஆளைப் பார்த்து வேலை கொடுப்பதில்லை. காகிதத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறான். கேட்டில் உட்கார்ந்து காவல் காக்கிற ஜாகா வேலைக்கு இரண்டு பக்கம் ஃபாரம்! அதுவும் இங்கிலீஷில்.

காத்தோங்கில் நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடிக் கட்டடம் அது. கிடங்கு வேலை போய் மூன்று மாதமாகச் சும்மா இருந்த மாணிக்கம், மேனேஜர் ரவூப் முன்னால் உட்கார்ந்திருந்தார். இதுவும் கிடைக்காவிட்டால் தெம்பனிஸில் மருமகன் வீட்டுச் சோற்றைத்தான் தின்ன வேண்டும். அதற்குப் பட்டினி கிடக்கலாம்.

கேள்வி கேட்டுக் கேட்டு ஃபாரத்தை நிரப்பிக்கொண்டு வந்த ரவூப் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அங்கிள், ஸ்விம் பண்ணுவீங்களா?"

மாணிக்கம் தண்ணீரில் நனைந்ததெல்லாம் குழாயடியில்தான். ஆனால் குளம் இருக்கிற இடத்தில் வேறென்ன சொல்வது?

"ஓ, பண்ணுவேனே."

ரவூபின் முகம் சுருங்கியது. "கொஞ்சமாத்தானே?"

நம்பவில்லை போலிருக்கிறது. "கொஞ்சமாவா? கடல் தாண்டி ஜொகூருக்கு நீந்தியே போயிட்டு வந்தவன் தம்பி!"

"அது அந்தக் காலம்லா. இப்ப விட்டிருப்பீங்க."

"விடுறதா? தினம் ரெண்டு மணி நேரம் தண்ணியில கிடக்கலைன்னா எனக்குச் சோறு இறங்காது."

ரவூப் பேனாவை மூடினார். மாணிக்கம் எழுந்தார். வாயால் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏறாது. விறுவிறுவென்று வெளியே போனார். செருப்பைக் கழற்றினார். சட்டையோடு குளத்தில் குதித்தார்.

மூக்கில் தண்ணீர், காதில் தண்ணீர், வயிற்றில் பாதிக் குளம். கையில் எப்படியோ ஏணிக் கம்பி அகப்பட்டது. இருமிக்கொண்டே மேலே ஏறினார்.

"ஐயோ அங்கிள், என்னாச்சு?"

"அடியில குப்பை கிடக்குதான்னு பாத்துட்டு வந்தேன். சுத்தமாத்தான் இருக்கு."

"நீங்க வீட்டுக்குப் போங்க அங்கிள். வேணும்னா போன் பண்றேன்."

கேட்டருகே குப்பை கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுக்காரி ஆயிஷா அவரைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"அண்ணே, உங்களுக்கு நீச்சல் தெரியாதுதானே? கம்பியைப் பிடிச்சதைப் பாத்தேன்."

"மெதுவாப் பேசு!"

"அட, ஓடிப் போய் அதைச் சொல்லுங்க! வேலை உங்களுக்குத்தான். போன ஜாகா கேட்டைத் திறந்து போட்டுட்டு நாள் முழுக்கக் குளத்துலயே கிடந்தான். அதான் மேனேஜர் நீந்தத் தெரியாத ஆளாத் தேடுறாரு."

மாணிக்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் புருஷனுக்கு இந்த வேலையைப் பிடிச்சுக் குடுக்கப் பாக்குறியா? போம்மா!"

சட்டையைப் பிழிந்துகொண்டே பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.