கபிலையின் தனி ஊளை

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் முளைத்த பிறகும் காடு என்றே அழைக்கப்பட்டுவந்த ஒரு காட்டில், ஐந்து நரிகள் சேர்ந்து ராக் இசைக்குழு நடத்தின. முன்னால் நின்று பாடியவள் கபிலை. பதினோரு மழைக்காலம் பாடியும் தன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. அவள் வாயைத் திறந்தால் மற்ற நால்வரும் சேர்ந்துகொள்வார்கள். நரிகளின் பிறவிக் குணம் அது.

ஒருநாள் குழுவை விட்டு விலகினாள்.

"நாங்க என்னடி பண்ணினோம்?" என்றான் டிரம்ஸ் அடிக்கும் முண்டன்.

"ஒண்ணும் பண்ணலை. ஒரு தடவையாவது சும்மா இருந்திருக்கலாம்."

தனி ஆல்பத்துக்கு அனுமதி வாங்கப் போனாள். படிவத்தில் 'கூடப் பாடியவர்கள்' என்ற இடத்தில் 'ஒருவருமில்லை' என்று அழுத்தி எழுதினாள். குமாஸ்தா முள்ளம்பன்றி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது.

"நரிதானே நீங்க?"

"ஆமாம்."

"சரி, உங்க இஷ்டம்."

ஆற்றங்கரையில் ஒலிப்பதிவு. முதல் வரியை எடுத்ததுமே அக்கரையில் பழைய நால்வரும் ஊளையிட்டார்கள். குன்றுக்குப் போனாள். அங்கே முன்பின் தெரியாத நரிகள் சேர்ந்துகொண்டன. கடைசியில் ஒலிப்பதிவாளர் வௌவால் தன் குகையைத் தந்தார். வாசலைக் காய்ந்த புல்லால் அடைத்தார்கள். ஒன்பது பாட்டு, ஒரே குரல்.

"அம்மா, இதில் உங்களைத் தவிர யாருமே இல்லை. கேட்கிறீங்களா?" என்று ஹெட்போனை நீட்டினார் வௌவால்.

"வேண்டாம். வெளியீட்டு விழாவில் எல்லாரோடும் சேர்ந்து கேட்கிறேன்," என்றாள், கண் கலங்க.

விழாவுக்கு முந்நூறு நரிகள் வந்திருந்தன. ஒலிபெருக்கியில் முதல் ஊளை எழுந்தது. மெலிந்த, கொஞ்சம் ஈரமான குரல். இதுவா நான் என்று கபிலை காதை நிமிர்த்துவதற்குள் முந்நூறு மூக்குகளும் வானத்தைப் பார்த்தன. ஒன்பது பாட்டும் அப்படியே போயிற்று.

"சும்மா இருக்கணும்னுதான் வந்தேன்," என்றான் முண்டன். "வாலைக்கூடக் கடிச்சுப் பார்த்தேன்."

"பரவாயில்லை. ஆல்பம் எப்படி இருந்தது?"

"பிரமாதம். எல்லாருமே நல்லாப் பாடினாங்க."

மறுநாள் காலை கபிலை வளைக்குள் புகுந்து, வாசலை மண்ணால் மூடிவிட்டு, தனியாகப் போட்டுக் கேட்டாள். அந்த மெலிந்த குரல் எழுந்தது. இரண்டாவது வரியில் இன்னொரு குரல் அதை அமுக்கியது. யாரது என்று கோபமாகத் திரும்பியவள், தன் வாய் திறந்திருப்பதைக் கண்டாள்.

நீதி: தனி ஆல்பம் போடும் நரி அதை ஆமைக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஆமைக்குக் கைதட்ட வராது. ஆனால் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்கும்.