சிமெண்ட் குடித்த எஞ்சின்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யாக இருந்தால் என் டிராக்டர் இனி ஸ்டார்ட்டே ஆக வேண்டாம்.

எங்கள் ஓஹையோவில் கண்காட்சி என்றால் டிராக்டர் இழுவைப் போட்டிதான். பின்னால் மாட்டிய பாரவண்டியை முந்நூறு அடி இழுக்க வேண்டும். பத்தே விநாடி சமாச்சாரம். அதற்காக மூன்று வருஷம் நாலு மாநிலம் அலைந்து என் டிராக்டருக்கு ஒரு எஞ்சின் பிளாக் பிடித்திருந்தேன். அதைத் தண்ணீர் ஓடும் ஈரப் பிளாக்காகவே விடுவதா, தண்ணீர்ப் பாதையில் சிமெண்ட் ஊற்றி உலர் பிளாக் ஆக்குவதா? உலர்ந்ததற்கு யானை பலம். பத்து விநாடிக்குச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் எதற்கு?

"சிமெண்ட் வேண்டாம்," என்றாள் என் மனைவி ஆர்லீன். "அப்புறம் அது சோளக்காட்டுக்கு ஆகுமா? அஞ்சு நிமிஷத்துல சூட்டுல பழுத்துடும்."

"சரிம்மா," என்றேன். இந்த வீட்டில் என் இறுதித் தீர்ப்பு எப்போதும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சில் போர்வை தைக்கப் போனாள். நான் கொட்டகையில் பிளாக்கை மூடியிருந்த தார்ப்பாயின் ஒரு மூலையை மட்டும் தூக்கி, முன்பே வாங்கி ஒளித்து வைத்திருந்த இரண்டு மூட்டைச் சிமெண்டையும் கரைத்து உள்ளே ஊற்றிவிட்டேன். இறுகிவிட்டால் இனி கடவுளே வந்தாலும் பெயர்க்க முடியாது.

மறுநாள் சாப்பாட்டில் ஆர்லீன் ஆரம்பித்தாள்.

"ஏங்க, இந்த வருஷம் கண்காட்சில புதுசா ஊர்வலமாம். வைக்கோல் வண்டிய நம்ம டிராக்டர்தான் இழுக்குது. சர்ச் பொம்பளைங்க பன்னெண்டு பேர். ரெண்டு மைல். பாதிரியார்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"அன்னிக்கு எனக்கு முதுகு வலிக்குமே."

"அடுத்த மாசத்து வலி இப்பவே தெரியுதா?"

"டயரும் சரியில்ல..."

"அதுக்கும் முதுகா?"

கண்ணை மூடினால் நடுரோட்டில் புகை, புகைக்குள் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு பேர் வாயிலும் என் பெயர். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்," என்றாள், காப்பியை ஆற்றிக்கொண்டே. "நீங்க மூட்டை வாங்கின அன்னிக்கே சிமெண்ட் கடைக்காரர் போன் பண்ணி, வீட்டுக்குத் தரை போடுறீங்களான்னு கேட்டாரு. அன்னிக்கே என் தம்பி டுவைட்ட விட்டுப் பிளாக்க மாத்திட்டேன். நீங்க ஊத்துனது அவனோட விரிசல் விட்ட பழசு. நல்லது அவன் பட்டறைல பத்திரமா இருக்கு."

போன உயிர் திரும்பி வந்தது. மூன்று வருஷ அலைச்சல் பிழைத்தது. ஈரமே இருக்கட்டும், ஊர்வலம் போகலாம் என்று கையடித்துக் கொடுத்தேன். அந்த உற்சாகத்திலேயே பாதிரியாரிடம் போய், வண்டியை எத்தனை மணிக்குக் கொண்டுவரட்டும் என்று கேட்டேன்.

"என்ன வண்டி, என்ன ஊர்வலம், டெல்மர்? நம்ம சர்ச் பொம்பளைங்க பன்னெண்டு பேரும் அன்னிக்கு ஆப்பிள் பை சுட்டு விக்கிறாங்களே."

இதைச் சொன்னது நான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கேட்டால், டுவைட் சொன்னான் என்று சொல்லிவிடுங்கள்.