பத்தொன்பது படிகளும் நானூறு மாடுகளும்

"உங்க மாடெல்லாம் என்ன ஜாதிங்க, தோன் செலெஸ்தீனோ?"

எல்பியோவின் வாயில் பிஸ்கட் பாதியிலேயே நின்றது. 'தோன்' என்று மரியாதையாக அழைக்கப்பட்டாலும் அவர் பெயர் செலெஸ்தீனோ இல்லை. அவரிடம் மாடும் இல்லை. மொந்தேவீதியோ நகரில் நூற்றிமூன்றாம் நம்பர் பஸ்ஸில் முப்பத்துநான்கு வருஷம் கண்டக்டராக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றவர். மாட்டை அவர் கிட்டத்தில் பார்த்ததெல்லாம் தட்டில்தான்.

"நல்ல ஜாதி," என்றார்.

"நானூறும் இந்த வருஷம் கன்னு போட்டுச்சா?" அவர்கள் பார்க்க வந்திருந்த வீட்டின் சொந்தக்காரன் கஸ்தோன் விடுவதாக இல்லை. பக்கத்தில் அவன் மனைவி யனீனா, இரட்டைப் பிள்ளை வயிற்றில் கை வைத்துக்கொண்டு, பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போடாம இருக்குமா? ஆளுக்கு ஒண்ணு."

"காளைங்களுமா?"

எல்பியோவின் மனைவி நிபியா இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் பத்தொன்பது படிகள். எல்பியோ வீட்டில் படுக்கையறைகள் எல்லாம் மாடியில். நிபியாவின் வலிக்கும் முழங்கால்கள் கீழே. போன குளிர்காலத்தில் இரண்டு மாதம் அவள் கூடத்துச் சோபாவில்தான் தூங்கினாள். "இன்னொரு குளிர்காலம் இந்தப் படியில ஏறினா, அப்புறம் எங்கயும் ஏற வேண்டியிருக்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்பியோவுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டை விற்கவேண்டும், தரைத்தள வீடாக ஒன்று வாங்கவேண்டும், அதுவும் ஜூனில் குளிர் தொடங்குவதற்குள்.

விற்பதற்குத் தரகர் வேண்டும். தரகர் என்றாலே எல்பியோவுக்கு ஆகாது.

"விக்கிறவன்கிட்ட நூத்துக்கு மூணு, வாங்குறவன்கிட்ட நூத்துக்கு மூணு, அதுக்கு மேல வரி! ஏறும்போது ஒரு டிக்கெட், இறங்கும்போது ஒரு டிக்கெட் கிழிச்சா பஸ்ஸுல என்னை உயிரோட விட்டிருப்பாங்களா?"

"சரி, அப்ப நீயே வித்துக்கோ, கிழவா," என்றாள் நிபியா.

அதற்கும் தைரியம் இல்லை. ஆகவே ரொட்டிக்கடை, மருந்துக்கடை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று தெருவெல்லாம் விசாரித்து மூன்று பெயர்களைப் பொறுக்கினார். பிறகுதான் அந்த யோசனை பிறந்தது. ஒரு தரகர் எப்படி விற்கிறார் என்று தெரியவேண்டுமானால் வாங்குகிறவராகப் போய்ப் பார்க்கவேண்டும். மச்சான் மில்ட்டனிடம் வட்டத் தொப்பியும் தொளதொளக் கால்சட்டையும் இரவல் வாங்கினார். தாக்வரெம்போ ஊர்ப் பண்ணையார் தோன் செலெஸ்தீனோ அப்படித்தான் அவதரித்தார்.

முதல் தரகர், "இந்தக் கூரையில ஒரு பொட்டு ஈரம் கிடையாது" என்று சொன்னபோது பண்ணையாரின் தொப்பியில் சொட்டு விழுந்தது. இரண்டாமவர் எல்லா அறைகளிலும் போனில் பேசிக்கொண்டே நடந்து, குளியலறையைக் காட்டிச் சமையலறை என்றார். மூன்றாவது வால்கீரியா பெந்தன்கோர். ஐம்பதை நெருங்கும் அம்மாள், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. கஸ்தோன் வீட்டுக்குக் கூட்டிவந்ததும் அவர் முதலில் சொன்னது, "இந்தச் சுவர் ஜூலைக் குளிர்ல ஈரமா வேர்க்கும். தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க."

"இவங்கதான்!" என்று எல்பியோ மனைவியின் காதைக் கடித்தார். பிறகு சத்தமாக, "அம்மா, இந்த வீட்டுக்காரங்ககிட்ட நீங்க எவ்வளவு எடுப்பீங்க?"

"மூணு. வரி தனி."

"கொஞ்சம் குறைப்பீங்களா, அவங்களுக்கு?"

வால்கீரியா கண்ணாடிக்கு மேலாக அவரைச் சற்று நேரம் பார்த்தார். "வாங்க வந்தவங்க விக்கிறவங்களுக்காகப் பேரம் பேசி நான் பார்த்ததில்லையே."

"எங்க ஊர்ப்பக்கம் அப்படித்தான்," என்றார் பண்ணையார்.

வீடு திரும்பினார்கள். படி ஏறும்போது ஐந்தாவது படியில் நின்று நிபியா சொன்னாள்: "கொல்லையில எலுமிச்சை மரம் பாத்தியா? எல்லா ரூமும் தரையிலதான்."

"நாம ஆளைப் பார்க்கப் போனோம்டி, வீட்டையா பார்க்கப் போனோம்?"

"நான் வீட்டைத்தான் பார்த்தேன்."

ஆள் கிடைத்தாயிற்று. ஆனால் அந்த ஆளிடம் வீட்டை எப்படி ஒப்படைப்பது? பண்ணையாருக்கு மொந்தேவீதியோவில் மாடிவீடு எப்படி வந்தது என்று கேட்டால்? உண்மையைச் சொல்லலாம் என்றாள் நிபியா. அது எல்பியோவுக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. மில்ட்டனைக் கூப்பிட்டார்.

"வீட்டுக்காரனா நடிக்கணும். அவ்வளவுதான்."

"மச்சான், நடிப்பெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

வால்கீரியா வந்து அளந்தார், படம் எடுத்தார், பத்திரம் கேட்டார், பாக்கி வரி ஏதும் உண்டா என்று துருவினார். "பத்திரத்துல எல்பியோ மச்சீன்னு இருக்கே?" "நான்தாங்க அது," என்றான் மில்ட்டன் கூசாமல். அசல் எல்பியோ மச்சீன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நாயின் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டாலர் என்று முடிவாயிற்று. வாசலில் விற்பனைப் பலகையும் மாட்டியாயிற்று.

மூன்றாம் நாள் வால்கீரியாவிடமிருந்து போன் வந்தது.

"தோன் செலெஸ்தீனோ, உங்களுக்குன்னே ஒரு வீடு வந்திருக்கு. மாடிவீடு, காத்தோட்டம். நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்துடுங்க."

விலாசத்தைச் சொன்னார். அது எல்பியோவுக்கு மனப்பாடம்.

மறுநாள் தொப்பியோடு தன் வீட்டு வாசலுக்கு வந்த எல்பியோ, பழக்க தோஷத்தில் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துவிட்டார். வால்கீரியா பார்த்தார். எல்பியோ அந்தச் சாவியால் காதைக் குடைந்துகொண்டார்.

கஸ்தோனும் யனீனாவும் கூட வந்திருந்தார்கள். "இவங்களுக்கும் பெரிய வீடு வேணும். குழந்தைங்க ரெண்டு பேர் வர்றாங்க இல்ல? ஒண்ணாவே காட்டிடலாம்னு," என்றார் வால்கீரியா.

கதவு திறந்ததும் நாய் பூச்சோ பாய்ந்து வந்து எல்பியோவின் முகத்தை நக்கித் தீர்த்தது.

"மிருகங்களுக்கு உங்கமேல ஒரு பிரியம்," என்றான் கஸ்தோன். "மாடு வளர்க்கிறவரு இல்ல?"

"ஆமா. வாசனை."

நடையில் இருட்டு. வீட்டுக்காரன் மில்ட்டன் விளக்கின் பொத்தானைச் சுவரெல்லாம் தடவித் தேட, விருந்தாளி எல்பியோ கதவுக்குப் பின்னால் கைவிட்டுப் போட்டார். மாடிப்படியில் எல்லோரும் ஒன்றாக ஏற, நாயும் நடுவில் புகுந்து நெரிசல். எல்பியோவின் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"படியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் இருக்கு!"

கஸ்தோன் ஒரு காலைத் தூக்கியபடியே திரும்பிப் பார்த்தான்.

"மாட்டை இப்படித்தான் பட்டியில அடைப்பாங்க," என்றாள் நிபியா.

மேலே யனீனா ஜன்னலோரம் நின்றாள். "இங்க ஒரு தொட்டில், அங்க ஒரு தொட்டில்," என்றாள் கணவனிடம். பிறகு தயக்கத்தோடு மில்ட்டனைப் பார்த்தாள். "விலைதான் கொஞ்சம் எட்டாது போல."

மில்ட்டனுக்கு இளகிய மனசு, அதுவும் அடுத்தவன் சொத்து விஷயத்தில். "புள்ளத்தாச்சிப் பொண்ணு கேக்குறே. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு எடுத்துக்கம்மா!"

"என்னது!" என்று பண்ணையார் அலறினார். "இருபதா? புத்தி இருக்கா உனக்கு? நான் தர்றேன் நாப்பது! இப்பவே தர்றேன்!"

வால்கீரியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை எடுத்தார். "முழு விலை. சந்தோஷம். வாங்குறவர் தோன் செலெஸ்தீனோ, உங்க பங்கு நாலாயிரத்து இருநூறு. விக்கிறவர் தோன் எல்பியோ, உங்க பங்கும் நாலாயிரத்து இருநூறு. வரி தனி. இங்க கையெழுத்துப் போடுங்க."

எல்பியோ பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் வீட்டைத் தானே வாங்கி, தனக்குத் தானே விற்று, இரண்டு பக்கமும் தரகு கொடுக்கப்போகிறார். அதற்குப் பிறகும் படி பத்தொன்பதுதான் இருக்கும். நிபியாவைப் பார்த்தார். அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், வலியோடும் சிரிப்போடும். அவருக்கு வெட்கமாகிவிட்டது. தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, எனக்கு மாடு கிடையாது. இது என் வீடு. இவன் என் மச்சான். இவளால இந்தப் படி ஏற முடியலை. நல்ல ஆள்கிட்டத்தான் வீட்டை ஒப்படைக்கணும்னு நினைச்சேன். அதுல புத்தி இப்படிப் போயிடுச்சு."

வால்கீரியா காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். கோபிக்கவில்லை. "அப்ப கணக்கு சுலபம்," என்றார். "இவங்களுக்கு மாடி வேணும், உங்களுக்குத் தரை வேணும். வீட்டுக்கு வீடு மாத்திக்கலாம். விலை வித்தியாசத்துக்குக் கஸ்தோன் பேங்குல கடன் வாங்கட்டும். அந்தக் காகிதமெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"தரகு?"

"நீங்க விக்கிறீங்க, அதுக்கு மூணு. வாங்குறீங்க, அதுக்கு மூணு. அவங்களுக்கும் அதே."

ஏறும்போதும் டிக்கெட், இறங்கும்போதும் டிக்கெட். எல்பியோ வாயைத் திறந்தார். நிபியா, "எலுமிச்சை மரம்," என்றாள். வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "ரசீது தருவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"கிழிச்சே தர்றேன்."

மே மாதம் குளிர் தொடங்குமுன் இரண்டு வீடும் கைமாறின. சாவி மாற்றிக்கொண்ட அன்று எலுமிச்சை மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடித்தார்கள். நிபியா வாசலிலிருந்து கொல்லைவரை மூன்று தடவை நடந்து பார்த்தாள், ஒரு படிகூட இல்லாமல். அதைப் பார்க்கப் பார்க்க எல்பியோவுக்கு மனசு நிறைந்து போயிற்று. கொடுத்த தரகு அவ்வளவாக வலிக்கவில்லை. பெருமைகூட வந்தது.

"என்னதான் சொல்லுங்க," என்றார் யனீனாவிடம். "மூணு பேரைச் சோதிச்சுத்தான் நான் வால்கீரியாவைப் பிடிச்சேன். நானா தொப்பியைக் கழற்றுற வரைக்கும் அவங்களுக்குத் துளி சந்தேகம் வந்திருக்குமா? அதான் நடிப்பு!"

இத்தனை நாளும் அதிகம் பேசாத யனீனா, மாத்தேயை உறிஞ்சி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க முதல் தடவை வர்றதுக்கு முந்தின நாளே வால்கீரியா அம்மா எங்களுக்குப் போன் பண்ணிட்டாங்க, தோன் எல்பியோ. 'நான் பள்ளிக்கூடம் போன பஸ்ஸோட கண்டக்டர் பண்ணையார்னு சொல்லிக்கிட்டு ஆபீஸுக்கு வந்தாரு, நாளைக்கு உங்க வீட்டைப் பார்க்க வர்றாரு, தன் வீட்டை விக்கத் தரகர் வேணும்னு தெருவெல்லாம் விசாரிச்சவரு, நீங்க தேடுற மாடிவீடு அவர்கிட்டதான் இருக்கு, அவரா வாயைத் திறக்கிற வரைக்கும் மாட்டைப் பத்தி மட்டும் கேட்டுக்கிட்டே இருங்க'ன்னு!"