ஜன்னல் மேஜைக்கு ஒரு குடை

இன்சூரன்ஸ் கம்பெனியில் அவருக்கு 'சந்தேகம் சார்' என்று பெயர். கார் மோதியது, கடை எரிந்தது, கண்ணாடி உடைந்தது என்று யார் வந்து நஷ்டஈடு கேட்டாலும் நேரில் போய்ப் பார்த்து, நிஜமா புளுகா என்று கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். எதிராளி வாயைத் திறக்கும்போதே தெரிந்துவிடுமாம். யார் சொன்னது? அவரேதான்.

"பொய் சொல்றவன் விவரத்தை அள்ளிக் கொட்டுவான்யா. நிஜக்காரன் ஒரே வரியில முடிச்சுடுவான். அப்பவும் சந்தேகமா இருந்தா, 'எங்கே, சாமானைக் காட்டு'ன்னு ஒரு கேள்வி. ஆள் அதோட காலி!"

இப்பேர்ப்பட்ட மகானுபாவர் சொந்தப் பெண்டாட்டியிடம் எப்படி மாட்டிக்கொண்டு முழித்தார் என்பதைக் கேளுங்கள்.

அன்றைக்கு ஆபீஸ் கூட்டாளிகளோடு சீட்டாடிவிட்டு, சாப்பாடெல்லாம் ஆறின பிறகு வீடு வந்து சேர்ந்தார்.

"ஏங்க இவ்வளவு லேட்டு?"

"பஸ்ஸுல ஒரு அம்மா குடையை மறந்து வெச்சுட்டு இறங்கிட்டாங்க. பின்னாலேயே ஓடிப்போய்க் குடுத்துட்டு வர்றேன்."

"ஐயோ பாவம், மறதிக்காரங்க" என்றாள் மனைவி.

கல்யாணமான நாளாய் அந்த நகரத்தில் எத்தனையோ பேர் குடையை மறந்திருக்கிறார்கள். அத்தனை பேர் பின்னாலும் இவர் ஒருவரே ஓடியிருக்கிறார். கொளுத்தும் வெயில் காலத்திலும் ஓடியிருக்கிறார். அவள் ஒரு நாளும் மறுபேச்சுப் பேசியதில்லை. ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து, பாவம், உலகம் தெரியாமல் போய்விட்டாள் என்று அவருக்கு உள்ளூர ஒரு அனுதாபம். கொஞ்சம் சௌகரியமும்தான்.

"சரி, கல்யாண நாளுக்கு மணிக்கூண்டு ஓட்டல்ல மேஜை சொல்லி வெச்சாச்சா?"

இந்தக் கேள்விக்கு ஒரு பூர்வகதை உண்டு. அந்த நகரத்துக்கு வந்தவர்கள் பார்க்காமல் போகக்கூடாத பழைய ஓட்டல்கள் சில இருந்தன. வருஷத்துக்கு ஒன்றாக, கல்யாண நாளன்று அத்தனையையும் பார்த்துவிடுவது என்று புதுமாப்பிள்ளை முறுக்கில் சபதம் போட்டவர் சந்தேகம் சார்தான். பார்த்த லட்சணம்? துறைமுகத்துக்கு எதிரே, கப்பல்காரர்கள் தொடங்கிய பேக்கரிக்கு வார விடுமுறை அன்று போய், பூட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நாடகக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் சூப் கடையில் இடம் கிடைக்காமல், வாசலில் நின்று வாசனை பிடித்துவிட்டு வந்தார்கள். இந்த வருஷம் மணிக்கூண்டு ஓட்டல். குதிரை வண்டி காலத்தது. மாடியில் ஆளுயரக் கண்ணாடிகள், பளிங்கு மேஜைகள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆறும் பாலமும் தெரியும். மாசக்கணக்கில் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும்.

சொல்லி வைக்கச் சொல்லி அவள் மாசக்கணக்கில் முன்னாடியே சொல்லியிருந்தாள். அவர் வைக்கவில்லை.

"எல்லாம் பண்ணியாச்சு. ஜன்னலோர மேஜையே சொல்லியாச்சு!"

"நிஜமாவா?"

"என்ன, என் மேலேயே சந்தேகமா?"

"அதுக்கில்லீங்க. அண்ணன் போன் பண்ணினாரு."

மச்சான் போலீஸ் பாண்டில் டிரம்பெட் ஊதி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆள்தான், டிரம்பெட் இல்லை. பொழுது விடிவதற்கு முன்னால் ஊத ஆரம்பித்தால் தெருநாய்கள் வேறு தெருவுக்குக் குடிபோய்விடும். அவர் இருந்த வீட்டை ரோடு போடுவதற்காக இடிக்கிறார்கள். 'வேற வீடு கிடைக்கிற வரைக்கும்' தங்கை வீட்டு முன் அறை போதும் என்கிறார். முன் அறையில்தான் சந்தேகம் சாரின் சாய்வு நாற்காலி இருக்கிறது. இந்த உலகத்தில் அவருக்கென்று இருப்பது அந்த அறை ஒன்றுதான். அதையும் விட்டால் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதுதான்.

"இப்படி வெச்சுக்குவோமா?" என்றாள் அவள், தட்டில் பரிமாறிக்கொண்டே. "நீங்க மேஜை சொல்லி வெச்சிருந்தா, அண்ணனை வேற இடம் பாத்துக்கச் சொல்லிடறேன். வழக்கம்போல கோட்டை விட்டிருந்தீங்கன்னா முன் அறை அவருக்கு."

"தாராளமா!" என்றது வாய்.

மறுநாள் ஆபீஸுக்கு மட்டம். நேரே மணிக்கூண்டு ஓட்டல். வெள்ளைக் கையுறை போட்ட தலைமை சர்வர் வருத்தத்தோடு கையை விரித்தார்.

"அடுத்த மழைக்காலம் வரைக்கும் இடமே இல்லை சார்."

"ஜன்னலோரமா ஒரே ஒரு மேஜை..."

"அதை நாங்க யாருக்குமே சொல்லி வெக்கிறதில்லை சார். இந்த ஓட்டல்ல முதல்முதலா சந்திச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க, கல்யாண நாள்ல வந்தா அவங்களுக்குத்தான் அது."

முங்கிக்கொண்டிருந்தவர் காலுக்குத் தரை தட்டுப்பட்டது.

"யோவ், அதைத்தானே சொல்ல வந்தேன்! நாங்க சந்திச்சதே இங்கதான்யா!"

"அப்படியா சார்! ரொம்ப சந்தோஷம். கல்யாண நாளன்னிக்கு ரெண்டு பேரும் வாங்க, முதலாளியம்மா ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

வாழ்த்துவார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். உண்மையில் இவர்கள் முதலில் சந்தித்தது டிக்கெட் கவுண்டரில். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவள் இவரைப் பார்த்துப் பேசிய முதல் காதல் வசனம்: "சில்லறை இல்லையா?"

கல்யாண நாளும் வந்தது. அவள் நீலப் புடவையில் ஜம்மென்று இருந்தாள். இவருக்குச் சட்டைக் காலர் கழுத்தை நெரித்தது. ஓட்டலுக்குள் காலெடுத்து வைத்ததும் தலைமை சர்வர், "அம்மா, நீங்க மாடிக்கு வாங்க. சார் இங்கேயே நிக்கட்டும்" என்று அவளை மட்டும் படியேற்றிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாடியில் டங் டங் டங் என்று ஒரே சத்தம். படியில் ஒரு தம்பதி இறங்கி வந்தார்கள். பெண் திரும்பிப் பாராமல் முன்னால் நடந்தாள். பின்னால் வந்த ஆளின் முகம் வெளுத்துக் கிடந்தது.

"என்னய்யா சத்தம்?"

"பொய் சொல்லி மாட்டிக்கிட்டாங்க சார்" என்றார் சர்வர் சாவதானமாய். "அம்மா புருஷனைக் கீழேயும் பொண்டாட்டியை மேலேயும் நிறுத்தி, 'முதல்ல பேசினது யாரு, என்ன பேசினீங்க'ன்னு தனித்தனியா கேப்பாங்க. ஒத்துப்போனா மணி அடிப்பாங்க. ஒத்துப்போகலேன்னா மாடியில சாப்பிடறவங்க அத்தனை பேரும் ஸ்பூனால தட்டைத் தட்டுவாங்க. ஓட்டல் திறந்த நாள்லேர்ந்து இதான் வழக்கம்."

"இந்தாம்மா! ஒரு நிமிஷம்!" என்று அலறினார் சந்தேகம் சார். நீலப் புடவை மாடி வளைவில் மறைந்துவிட்டது.

முதலாளியம்மா வந்தார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி, பரீட்சை ஹாலில் வந்து நிற்கும் ஹெட்மிஸ்டிரஸ் பார்வை.

"முதல்ல பேசினது யாரு?"

"நா... நான்தாங்க."

"என்ன சொன்னீங்க?"

மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. அடித்துத் துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. ஒரே வரி, ஒரே வரி என்று மட்டும் உள்ளே ஒரு குரல் கத்தியது. அப்போது அவர் நாக்கு, எஜமானைக் கேட்காமலே, தன் பழைய தடத்தில் ஓடிற்று.

"அவ குடையை மறந்து வெச்சுட்டுப் போனா. 'ஏங்க, உங்க குடை'ன்னு பின்னாலேயே ஓடினேன்."

முதலாளியம்மா தலையைக்கூட ஆட்டாமல் படியேறினார்.

படிக்கட்டுத் திருப்பத்தில் பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் மாடி தெரிந்தது, பேச்சுக் கேட்கவில்லை. முதலாளியம்மா ஏதோ கேட்கிறார். அவள் புருவம் மேலே போகிறது. போச்சு! 'இந்த ஓட்டலா? நாங்களா?' என்று கேட்கப் போகிறாள். அவள் மெதுவாகத் திரும்பிக் கண்ணாடி வழியாக இவரைப் பார்த்தாள். இவர் நெஞ்சுக்கு நேரே கை கூப்பினார். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வரிசையில் நிற்பவன் எந்த ஊருக்குப் போகிறான் என்று அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் பார்வை அது. மேஜைகளில் சிலர் ஸ்பூனைக் கையில் எடுத்துவிட்டார்கள். சந்தேகம் சாருக்கு டிரம்பெட் சத்தமே காதில் விழ ஆரம்பித்தது.

அவள் ஏதோ சொன்னாள். ஒரே வரி.

முதலாளியம்மா சுவரோரம் நடந்து போய்க் கயிற்றைப் பிடித்தார். டாண்! டாண்! ஹால் முழுக்கக் கைதட்டல். இவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினார்.

ஜன்னல் மேஜை. ஆறு, பாலம், விளக்குகள். ஆவி பறக்க சூப் வந்தது.

"நீ என்னம்மா சொன்னே?" என்றார் குசுகுசுவென்று.

"குடைன்னு சொன்னேன்."

"எப்படிம்மா! எப்படித் தெரிஞ்சுது?"

"அவசரத்துல உங்களுக்கு வேற என்னங்க வரப்போகுது?" என்றாள் அவள், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "கல்யாணமான நாளா கேட்டுட்டுத்தானே இருக்கேன். ஒரு வருஷமாவது தொப்பின்னு மாத்திச் சொல்லியிருக்கலாம்."

சந்தேகம் சாருக்கு சூப் புரையேறியது. சீட்டாட்டம், நண்பன் வீட்டு அரட்டை, எல்லாம் குடை குடையாகக் கண் முன்னால் விரிந்தன. கோபிக்கிறாளா, சிரிக்கிறாளா? ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அடுத்த வாய்க்குள் தைரியம் வந்துவிட்டது. எது எப்படிப் போனால் என்ன? மேஜை கிடைத்துவிட்டது. முன் அறை தப்பித்தது.

"எப்படியோ, சொன்ன மாதிரி ஜன்னல் மேஜையில உட்கார வெச்சுட்டேன் பார்த்தியா?"

அவள் பதில் சொல்வதற்குள் முதலாளியம்மா வந்து நின்றார். ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் ஆணி.

"சுவரைப் பார்த்தீங்கல்ல?"

அப்போதுதான் பார்த்தார். சுவர் முழுக்க ஆணியடித்து என்னென்னமோ மாட்டியிருந்தது. ஒற்றைக் கையுறை, ஒரு சட்டைப் பொத்தான், ஷூ கயிறு, கைப்பிடி உடைந்த கோப்பை.

"இங்க சந்திச்ச ஒவ்வொரு ஜோடியும் ஞாபகமா ஒரு பொருள் குடுப்பாங்க. உங்களுக்கு அந்தக் குடைதான். எங்கே, காட்டுங்க."

எங்கே, சாமானைக் காட்டு! ஊரில் எத்தனை பேரை இவர் கேட்ட கேள்வி! பக்கத்து மேஜைக்காரர் ஸ்பூனைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

"குடை பத்திரமா இருக்கும்மா" என்றாள் மனைவி நிதானமாய். "எங்க அண்ணன்கிட்ட இருக்கு."

அப்பாடா! என் ராசாத்தி! அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"நல்லதாப் போச்சு. நான் ஆள் அனுப்பி வாங்கிக்கிறேன். அண்ணன் வீடு எங்கே?"

அவள் வறுத்த மீனில் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். "அண்ணன் வீட்டை இடிச்சுட்டாங்கம்மா. இனிமே எங்கே இருக்கப் போறாருன்னு இவருக்குத்தான் தெரியும். இவர் சொல்லட்டும்."

முதலாளியம்மா இவரைப் பார்த்தார். ஹாலே இவரைப் பார்த்தது. ஸ்பூன்கள் தயாராக இருந்தன.

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து..." என்றார் சந்தேகம் சார், ஒரே வரியில், "எங்க வீட்டு முன் அறையிலதாங்க."