முடியாத பாட்டு

நான்காவது பாட்டு ஐந்தாவது பாட்டுக்குள் நுழைந்த இடம், அதை நுழைத்த வில்லிகேசாவுக்கே தெரியவில்லை. ஃபிஜித் தீவின் லெவுகா ஊர் மண்டபத்தில் அறுபது பேர், ஜோடி ஜோடியாக இடுப்பில் கை சேர்த்து, முன்னே நாலடி பின்னே நாலடி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

மீன் தொழிற்சாலையில் டப்பா மூடும் வில்லிகேசாவுக்கு, ஆட்டத்துக்குப் பாட்டுப் போடுபவனாக இந்தச் சனிக்கிழமைப் பிற்பகல்தான் பரீட்சை. மண்டபத் தலைவி லோசேனா அத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"பாட்டுக்கு நடுவுல துளி இடைவெளி கிடைச்சாலும் ஆம்பளைங்க காவா குடிக்கக் கிண்ணத்துகிட்ட போய் உக்காந்து கிறங்கிடறாங்க. அப்புறம் கிரேன் வச்சுதான் எழுப்பணும். நீ இடைவெளி விடாம போடு, எல்லாச் சனிக்கிழமையும் மண்டபம் உனக்கு. விட்டா, டப்பா மூடவே போ."

ஆறாவது பாட்டில்தான் சிக்கல். பழைய யூகலேலி கிதார் கோஷ்டி. பாடினவர்களுக்கு வீட்டில் அடுப்பில் ஏதோ இருந்திருக்க வேண்டும். வரிக்கு வரி வேகம் கூடியது. லேப்டாப்பில் தாளக் கோடு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்.

தாளத்தைப் பொருத்தும் பொத்தானை அமுக்கினான். மென்பொருள் தாளத்தைப் பாதியாக எண்ணி, மீதிப் பாதியை ஈடுகட்ட வேகத்தை இரட்டித்தது. அறுபது பேரும் சுடுமணலில் நிற்பவர்கள்போலக் குதித்தார்கள்.

அவசரமாக வேகத்தைக் குறைத்து, நாலு தாளத்தை மட்டும் பிடித்துச் சுழல விட்டு, அடுத்த பாட்டைத் தேடினான். தேடினான். சுழன்றது.

"மச்சான்" என்றான் மத்தாயாசி, மனைவியோடு நாலடி முன்னே வந்து. நாலடி பின்னே போனான். திரும்ப வந்தான். "பாட்ட எப்படா முடிப்ப?"

"ஏன், நல்லாத்தானே போகுது?"

பின்னே போய் வந்தான். "நாப்பது நிமிஷமா ஆடறோம். நம்மள ஆடக் கூப்பிட்ட பொண்ண பாட்டு முடியறதுக்குள்ள விட்டுட்டுப் போனா" – போனான், வந்தான் – "அவமரியாதைடா. உனக்குத் தெரியாதா?"

"பேசறப்ப மூச்ச இங்க விடாதீங்க, எனக்கு வேணும்" என்றாள் அவன் மனைவி.

வில்லிகேசா நிமிர்ந்து பார்த்தான். எல்லா முகத்திலும் வியர்வை. நடுவில் லோசேனா அத்தை, படகோட்டி இசிகேலியோடு. மனைவியை இழந்த இசிகேலி, மழை வருமென்று சொல்லத் தொடங்கினால் நனைந்த பிறகுதான் முடிப்பார். சனிக்கிழமைதோறும் முதல் ஆட்டத்துக்கு அத்தை அவரைத்தான் கூப்பிடுவார். படகுத்துறைக் குப்பைக்காகத் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று ஊர் நம்பியது. இன்று முதல் ஆட்டமே இன்னும் முடியவில்லை. அத்தையின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

நிறுத்தினால் மண்டபம் போச்சு. நிறுத்தாவிட்டால் யாருக்காவது உயிரே போய்விடும்.

மத்தாயாசி மறுபடி வந்தான். "என் முட்டி, மச்சான்."

வில்லிகேசா நிறுத்தினான்.

அவரவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். அமைதியில் மின்விசிறி மட்டும் முனகியது. அத்தை நேராக அவனை நோக்கி வந்தார். அவன் ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"யாரு உன்ன நிறுத்தச் சொன்னது?"

"எல்லாரும் களைச்சுட்டாங்க, அத்தை."

"நான் சொன்னேனா, களைச்சுட்டேன்னு?"

அத்தை சட்டென்று முகத்தைத் திருப்பி, விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே இசிகேலி, ஒவ்வோர் அடியாக வந்து சேர்ந்தார். ஒயர்மேல் கை வைத்தார்.

"தம்பி... அந்த முடியாத பாட்ட... இன்னொரு தடவ போடு. ஆறு வருஷமா, நான் இவங்ககிட்ட கேட்டு முடிக்கறதுக்குள்ள... பாட்டு முடிஞ்சுடுது. இன்னிக்குத்தான்... 'என்னைக் கல்யாணம்' வரைக்கும் வந்திருக்கேன்."